கொழும்பை விட்டு வன்னிக்குக் குடிபோகலாமா? பாதகங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்வதால் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பாடசாலை விடுகைப் பத்திரங்களும் நாள்தோறும் என் மேசைக்கு வருகின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அவற்றைக் கொண்டு வருபவர்களில் பலர், கொழும்பு வாடகையைத் தாங்க முடியாமல் வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் காணி வாங்கிக் குடியேறும் எண்ணத்தில் இருக்கிறார்கள். பத்திரத்தை நீட்டும்போதே சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறார்கள். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வன்னி வாழ்க்கையின் நன்மைகளைக் காணித் தரகர்கள் இலவசமாகவே எடுத்துச் சொல்வதால், இப்பக்கம் குறைகளை மட்டுமே பேசுகிறது.

வன்னி முழுக்கவே கிராமம் எண்டு சொல்லலாமோ? வவுனியா பெரிய டவுன் எல்லோ?

வவுனியா நகரம்தான், மன்னாரும் நகரம்தான். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இரு மாவட்டங்களிலும் ஒரு நகர சபைகூடக் கிடையாது. அங்கே இருப்பவை பிரதேச சபைகள் மட்டுமே. இலங்கையின் குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வாழ்பவர்களே நகரவாசிகள். 1987இல் பட்டின சபைகள் ஒழிக்கப்பட்டுப் பிரதேச சபைகளுக்குள் அடங்கியதிலிருந்து, பிரதேச சபைப் பகுதி எதுவாயினும் கிராமம் என்றே எண்ணப்படுகிறது. 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் ஏறக்குறைய 77 வீதத்தினர் கிராமவாசிகள், 18 வீதத்தினர் நகரவாசிகள், மிகுதியினர் தோட்டப்புறத்தினர். இந்தக் கணக்கில் ஹோமாகமவும் கிராமமே.

ஆகவே பெயரை விட்டுவிட்டு நெருக்கத்தைப் பார்ப்பது நல்லது. கொழும்பு மாவட்டத்தின் பரப்பு 699 சதுர கிலோமீற்றர். 2012இல் அங்கே 23 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். அதே ஆண்டில் அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 92,000 பேர். பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட இடத்தில், மக்கள் தொகையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கீழே வரும் குறைகளுள் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களிலிருந்தே பிறக்கின்றன.

அங்க ஆஸ்பத்திரி இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, வங்கி இருக்கு. பிறகென்ன குறை?

இருக்கின்றன. ஆனால் எதுவும் ஒன்றுக்கு மேல் இல்லை. அரச சேவைகள் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பவே ஒதுக்கப்படுவதால், ஆட்கள் குறைந்த மாவட்டத்துக்கு ஒரு துறைக்கு ஒரு வைத்திய நிபுணர், ஒரு பாடசாலைக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியர், ஓர் ஊருக்குக் காலையில் ஒரு பேருந்து என்றே கிடைக்கிறது. கொழும்பில் ஒரு வைத்தியர் விடுப்பில் போனால் அடுத்த தெருவில் இன்னொருவரைப் பார்க்கலாம். இங்கே அந்த ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போய், பதிலாள் வராவிட்டால், அந்தச் சேவை மாவட்டத்திலேயே இல்லை.

போய்ப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது புலப்படுவதில்லை. அவர்கள் போகும் நாளில் எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும். கட்டடமும் புதிதாக இருக்கும். ஆகையால் “இருக்கிறதா” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “அது இல்லாத நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்” என்று அவ்வூரவரிடம் கேளுங்கள்.

கொழும்பில சம்பளத்தில பாதி வாடகைக்கே போகுது. அங்க போனா செலவு பாதியாகும் எல்லோ?

வாடகை குறையும், அதில் ஐயமில்லை. தேங்காய், மீன், அரிசி ஆகியவையும் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளேனும் இல்லாமல் வாழ முடியாது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு வேண்டும். குளிரூட்டியோ சலவை இயந்திரமோ பழுதுபட்டால் திருத்துபவர் வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வர வேண்டும். போக்குவரத்துச் செலவு கூலியோடு சேரும். பொதியிடப்பட்ட சாமான்கள் கொழும்பிலிருந்து லொறியில் வருகின்றன. மரக்கறிகூடச் சில வேளை தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய், விலை ஏறித் திரும்பி வருவதை உள்ளூர் வியாபாரிகளே சொல்வார்கள்.

எரிபொருள் கிடைக்காத காலத்தில் இந்தச் சார்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2022 காட்டியது. அவ்வாண்டு கியூ.ஆர். குறியீட்டைக் கொண்டு எரிபொருளைப் பங்கிடும் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கீடு வாகனத்தின் வகையைப் பார்த்ததே தவிர, அது ஓட வேண்டிய தூரத்தைப் பார்க்கவில்லை. பம்பலப்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக்குப் போகிறவருக்கும் துணுக்காயிலிருந்து கிளிநொச்சிக்குப் போகிறவருக்கும் அதே 4 லீற்றர்தான்.

அப்பாவுக்கு ஏற்கெனவே ஒருக்கா ஹார்ட் அற்றாக் வந்தது. அங்க வைச்சிருந்து திரும்ப வந்தா?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுள் மிக முக்கியமானது இதுவே. இதற்குத் தெளிவான பதில் கிடைக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது. கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகியவற்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இயங்குகின்றன. முதற்கட்டச் சிகிச்சை அங்கே கிடைக்கும். அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, அனுராதபுரத்துக்கோ, கொழும்புக்கோ அனுப்புவார்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 100 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் ஒவ்வொரு மணித்தியாலமும் உயிரின் கணக்கில் சேர்வதால், தூரத்தையும் நோயின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும்.

1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்தது. அது வந்தது பெரிய மாற்றம். ஆயினும் வண்டி நிற்கும் இடத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையிலான தூரம், மழைக்காலத்தில் உங்கள் ஒழுங்கை இருக்கும் நிலை, இரவில் வீட்டைக் கண்டுபிடிக்கும் வழி ஆகியவற்றை முன்கூட்டியே சிந்தித்து வையுங்கள்.

திடீர் நோயைவிடத் தொடர் நோய் குடும்பத்தை மெல்ல மெல்லக் களைப்படையச் செய்யும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மஹரகம வரை வர வேண்டியிருந்த நிலையைத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் பெரிதும் மாற்றியது. ஆனால் வன்னியின் உட்பகுதியிலிருந்து தெல்லிப்பழைக்குப் போய்வருவதும் ஒரு முழு நாள் வேலையே. நோயாளியோடு ஒருவர் போக வேண்டும். அவருடைய அன்றைய வருமானம் போய்விடும். இந்தச் செலவு எந்த வைத்தியசாலைச் சிட்டையிலும் எழுதப்படுவதில்லை.

பாம்பு, யானை எண்டு பயமுறுத்துகினம். உண்மையிலேயே அவ்வளவு மோசமோ?

பாம்புக்கடி மெய்யான அபாயம். ஆனால் ஒழுங்காக நடந்தால் பெரிதும் தவிர்க்கக்கூடியது. வயலில் வேலை செய்யும்போது புடையன் கடிக்கிறது. இரவில் நிலத்தில் படுத்திருப்பவரை எட்டடி விரியன் வலியே தெரியாமல் கடிக்கிறது. எனவே கட்டிலும் நுளம்பு வலையும் கைவிளக்கும் அவசியம். விஷமுறிப்பு மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. நாட்டு வைத்தியரிடம் முதலில் காட்டிவிட்டுப் போகலாம் என்று எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம். தூரத்தைப் பற்றி முன் கேள்வியில் சொன்னது இதற்கும் அப்படியே பொருந்தும்.

யானை வேறு வகையான பிரச்சினை. தனியொரு குடும்பத்தின் கவனத்தால் மட்டும் அதைத் தவிர்க்க முடியாது. 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஒவ்வோராண்டும் நாடு முழுவதும் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 100க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் உயிரிழந்தார்கள். வாங்கப்போகும் காணி காட்டெல்லையில் இருந்தால், மின்வேலி இருக்கிறதா என்பதோடு அதற்கு மின்சாரம் ஓடுகிறதா, பற்றை வெட்டிப் பராமரிப்பவர் யார் என்பதையும் கேளுங்கள். பராமரிக்கப்படாத வேலி யானையைத் தடுப்பதில்லை.

வளவுக்குள்ளையே கிணறு இருக்கு. தண்ணிக்கு என்ன பிரச்சினை வரப்போகுது?

கிணறு இருப்பதும் குடிநீர் இருப்பதும் ஒன்றல்ல. வன்னியின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடினநீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. 1990களில் வட மத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னதென்று இன்றுவரை ஐயமற நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் காணப்படுகிறது. அதனாலேயே ஊருக்கு ஊர் ஆர்.ஓ. எனப்படும், சவ்வு வழியாக நீரை வடிக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டு, மக்கள் கலன்களில் தண்ணீர் வாங்கிச் செல்கிறார்கள். கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவதை இங்கே வண்டி கட்டிப் போய் எடுக்க வேண்டும்.

உறுதி எழுதுவதற்கு முன்னர் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிப்பித்துக்கொள்ளுங்கள். ஆவணி, புரட்டாதி மாதங்களில் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதையும் அயலவரிடம் கேளுங்கள். மார்கழியில் காணி பார்க்கப் போகிறவருக்கு எல்லாக் கிணறும் நிறைந்துதான் தெரியும்.

சேர், மாவட்டக் கோட்டாவால பிள்ளைக்கு கம்பஸ் இலகுவாக் கிடைக்குமாம். அதுக்காகவே போகலாம் எண்டு நினைக்கிறம்.

பாதி உண்மை. பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்களுள் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் வடக்கின் ஐந்தும் அடங்குகின்றன. வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவாக இருப்பதும் உண்மையே.

ஆனால் அந்த 55 வீதம் மாவட்டங்களின் மக்கள் தொகைக்கு ஏற்பவே பிரிக்கப்படுகிறது. நாட்டு மக்களில் 200 பேரில் ஒருவருக்கும் குறைவானோர் வாழும் முல்லைத்தீவுக்குக் கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதைவிட முக்கியமானது, அந்தக் குறைந்த புள்ளியையேனும் எடுப்பதற்குக் கற்பிப்பவர் வேண்டும் என்பது. கணித, விஞ்ஞானப் பிரிவுகளில் உயர்தர வகுப்பு நடத்தும் பாடசாலைகள் வன்னியில் சொற்பம். ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றால் அந்தப் பாடம் மாதக்கணக்கில் நின்றுபோகும். பின்னர் மாணவர்கள் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ரியூசனுக்குப் போகிறார்கள். ஒதுக்கீடு இந்தக் குறைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதேயன்றி அதைப் போக்கிவிடவில்லை.

பரீட்சைக்குச் சற்று முன்னர் மாறிக்கொள்ளலாம் என்றும் சிலர் எண்ணுகிறார்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் மாணவர் எந்த மாவட்டத்தில் கற்றார் என்பது பார்க்கப்படுவதால், அந்தக் குறுக்கு வழி பயன்படாது.

நான் வீட்டில இருந்தே கம்பியூட்டரில வேலை செய்யிறன். இன்டர்நெட் போதுமோ?

கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரத்திலும் நகர்ப்புறங்களிலும் போதும். உள்ளே போகப் போகப் பைபர் இணைப்பு கிடையாது. தொலைபேசிக் கோபுரம் ஒன்றையே நம்பியிருக்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் கோபுரமும் நின்றுவிடலாம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஒரு வார காலமேனும் வாடகைக்குத் தங்கி வேலை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ரெண்டு ஏக்கர் வயல் வாங்கிச் செய்தா ஒரு குடும்பம் சீவிக்கலாமோ?

வயலை மட்டும் நம்பி என்றால், இல்லை. இலங்கையில் வேலை செய்பவர்களுள் சுமார் கால்வாசிப் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதாவது பலர் சேர்ந்து கொஞ்சம் ஈட்டுகிறார்கள். மறுபுறத்தில் மேல் மாகாணம் ஒன்றே உற்பத்தியில் ஏறக்குறைய 40 வீதத்தைத் தருகிறது. வன்னியின் இளைஞர்கள் நீங்கள் விட்டுவர நினைக்கும் கொழும்புக்கே வேலை தேடி வருவதற்கு இதுவே காரணம்.

வயலிலும் வேறுபாடு உண்டு. மழையை நம்பிய மானாவாரி வயலில், மாரிமழையோடு செய்யும் காலபோகம் மட்டுமே செய்யலாம். குளத்தின் கீழுள்ள வயலானாலும் கோடையில் வரும் சிறுபோகத்தில் எவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் விடுவது என்பதை இருக்கும் நீரைப் பொறுத்துக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழும் எல்லா ஆண்டுகளிலும் எல்லா வயலுக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை. அதிக நீரும் கெடுக்கும்: 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. இயற்கைக்கு அப்பால் கொழும்பிலிருந்து வரும் முடிவுகளும் இருக்கின்றன. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டின் முடிவுக்குள்ளேயே அத்தடை கைவிடப்பட்டபோதிலும் விளைச்சல் வீழ்ந்தது, பட்ட கடன் அப்படியே எஞ்சியது.

நெல் அறுவடையாகும் கிழமைகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை சரியும். சேமித்து வைக்கக் களஞ்சியமும், காத்திருக்கக் கையில் பணமும் உள்ளவரே இலாபம் காண்பார். உங்களுக்கு வேறொரு நிலையான வருமானம் இருந்தால் வயல் துணை நிற்கும்.

காணி மலிவாக் கிடைக்குது. உறுதியைப் பார்த்தா போதும்தானே?

முதலில் அது உறுதிதானா என்று பாருங்கள். வன்னியில் பெரும்பகுதிக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்ட அரச காணிகள். பேச்சில் பெர்மிட் காணி என்பார்கள். அவற்றை அனுமதிப்பத்திரக்காரர் தம் விருப்பப்படி விற்க முடியாது. அவர் நொத்தாரிசு முன் எழுதித் தரும் கடதாசியோ, பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டோ உங்களை உரிமையாளர் ஆக்காது. மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வரும் “உறுதி”களுள் சில இத்தகையவை. அவற்றைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் பணத்தை முழுதாகக் கொடுத்து முடித்தவராக இருப்பார். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரிப்பதற்கு ஒரு நாள் செலவாகும். அந்த நாளைச் செலவிடுங்கள்.

இரண்டாவதாக, வனத் திணைக்களம் வர்த்தமானி மூலம் ஒதுக்கிய எல்லைக்குள் காணி விழுகிறதா என்று பாருங்கள். போர்க்காலத்தில் கைவிடப்பட்டுக் காடு பற்றிய பல வளவுகளுக்கு இந்தச் சிக்கல் உண்டு. மூன்றாவதாக, மிதிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் முழுமையடையவில்லை. துப்புரவாக்காத பற்றைக் காணியைப் புல்டோசர் விட்டு வெளியாக்குவதற்கு முன்னர் கிராம அலுவலரிடம் அதன் நிலையைக் கேட்டறிவது கட்டாயம்.

நாங்கள் கொழும்பு ஆக்கள். தேசவழமை எங்களுக்குப் பொருந்தாதுதானே?

தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். அது உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். நீங்கள் வாங்கும் காணிக்குப் பொருந்தும். திருமணம், முதுசம் தொடர்பான விதிகள் ஆளைப் பற்றியவை. ஆனால் வட மாகாணத்திலுள்ள பங்குக் காணியை விற்கும்போது, 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி உடன்பங்காளிகளுக்கும் விற்பவரின் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடாமல் எழுதிய விற்பனையை அவர்கள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அவர்களுள் ஒருவர் ரொறன்ரோவிலும் இன்னொருவர் பாரிஸிலும் இருப்பது வழக்கம் என்பதால் இது எளிய வேலையன்று. விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணாயின் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவைப்படும்.

வன்னி வேண்டாம். மொனராகலைப் பக்கம் இன்னும் மலிவு எண்டு சொல்லுகினம்?

மேலே சொன்ன தூரமும் தண்ணீரும் யானையும் அங்கேயும் உண்டு, மொழியும் சேரும். அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. ஏனைய மாகாணங்களில், இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை தவிர்ந்த இடங்களில், அலுவலகப் பதிவுகள் சிங்களத்திலேயே பேணப்படும். தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் பொலிஸ் நிலையத்தில் இரவு 10 மணிக்கு முறைப்பாடு எழுதுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்த உரிமை அப்போதைக்கு உதவாது. வீட்டில் ஒருவரேனும் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும்.

ஆக்கள் குறைவு எண்டபடியாத்தானே அரசியல்வாதிகள் வன்னியைக் கவனிக்கினமில்லை?

எண்கள் மாறாகவே சொல்கின்றன. மக்கள் தொகை எவ்வளவாயினும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் பாராளுமன்றத்தில் மேலதிகமாக 4 ஆசனங்கள் ஒதுக்கப்படுவதால் சிறிய மாகாணங்கள் பயனடைகின்றன. 2024இல் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 3 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்காளர்களுக்கு 6 ஆசனங்கள். கொழும்பில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 18. தலைக்கணக்கில் வன்னி வாக்குக்கு ஏறத்தாழ இருமடங்கு பெறுமதி.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஆறு பேர் பிரதிநிதித்துவம் செய்யும் நிலம் தீவின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. வீதிக்கும் மின்கம்பிக்கும் செலவு கிலோமீற்றர் கணக்கில் ஏறுகிறது. பிரதேச சபைகளுக்கு ஆதனவரி வருமானமோ அற்பம். கொழும்பு மாநகர சபை தன் கடைகளிடமும் கட்டடங்களிடமும் அறவிடுவதைப் போன்று அறவிடுவதற்கு அங்கே கட்டடங்கள் இல்லை. ஆகவே மத்திய அரசின் ஒதுக்கீட்டை எதிர்பார்த்திருக்க வேண்டியுள்ளது. பாடசாலை, வைத்தியசாலை, வீதி ஆகியவற்றில் பெரும் பங்கைப் பொறுப்பேற்க வேண்டிய வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் நெடுங்காலமாகத் தேர்தல் நடைபெறாமல் ஆளுநரின் நிர்வாகமே நீடித்தது.

ஊர்ச்சனம் எங்களைப் புது ஆக்கள் எண்டு ஒதுக்குமோ?

ஒதுக்க மாட்டார்கள், மாறாக அதிகமாகவே கவனிப்பார்கள். வீட்டுக்கு யார் வந்தார்கள், மகள் எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்பன மறுநாள் கூட்டுறவுச் சங்கக்கடையில் தெரிந்திருக்கும். அடுக்குமாடியில் அயலவர் பெயர் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கடினம். தனித்து வாழும் பெண்களுக்கு இன்னும் கடினம். நோய் வந்தால் முதலில் ஓடிவருபவர்களும் அந்த ஊரவர்களே என்பதால், இதை முழுக் குறையாக எழுத என் கை கூசுகிறது.

சரிவரேல்லையெண்டா திரும்பிக் கொழும்புக்கு வரலாம்தானே?

வரலாம். காணியை விற்பதற்குக் காலம் எடுக்கும். வாங்கும்போது மலிவாக இருந்ததற்குக் காரணம் வாங்க ஆளில்லாமையே என்பது விற்கும்போதுதான் உறைக்கும். கொழும்பில் சொந்த வீடு இருந்தால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கேனும் அதை விற்காமல் வாடகைக்கு விடுங்கள்.

பலர் கவனியாத ஒன்று வாக்காளர் இடாப்பு. அரச பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு, வதிவிட அடிப்படையில் பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோர் அந்த முகவரியில் முந்திய ஐந்து ஆண்டுகள் இடாப்பில் பதிந்திருந்தார்களா என்று பார்த்துப் புள்ளி வழங்குகிறார்கள். கைக்குழந்தையோடு வன்னிக்குப் போய், நான்கு வயதில் திரும்பி வருபவர்களுக்குக் கொழும்பு முகவரியில் அந்த ஐந்து ஆண்டுகள் இருக்காது. பதிவு மெய்யான வதிவிடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால், போகும் காலத்தைப் பிள்ளையின் வயதோடு சேர்த்துக் கணக்கிட்டுத் தீர்மானியுங்கள்.